லைன் கிளியர்

ஏப்ரல் 1, திங்கள்

தண்ணீர் 700 மி.லி. ஏறிய எடை 3.4 கிலோ.

இந்த நோட்டு பெனிட்டா சிஸ்டரின் யோசனை. டயாலிசிஸ் பிரிவில் என் வீட்டுக்காரருக்கு ஊசி குத்துகிற பெண். இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, அங்கிள் குடிக்குத தண்ணிய தினமும் எழுதிட்டு வாங்க. ஒரு டயாலிசிஸ்ல இருந்து அடுத்ததுக்குள்ள ரெண்டு கிலோ ஏறலாம். இவங்க மூணரை ஏறி வாறாங்க. அவ்வளவையும் மிஷின் நாலு மணி நேரத்துல உறிஞ்சுதுல்லா, அதான் கால் இழுக்குது, பிரஷர் இறங்குது" என்றாள்.

எழுதுவதற்கென்ன, எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவள் நான். எழுதுவதும் நேரம் பார்ப்பதும் எனக்குச் சலிக்காது. ஆனால் இந்தக் கணக்கு உதைக்கிறது. காபி, மோர், ரசம், மாத்திரைக்கு விழுங்குகிற தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 700 மி.லி. நானேதான் அளந்து கொடுக்கிறேன். தண்ணீர்க் குடத்துப் பக்கம் இவரை நெருங்க விடுவதில்லை. பிறகு மூன்றரைக் கிலோ எங்கிருந்து வருகிறது? காற்றைக் குடித்தா ஏறுகிறது?

திரும்பும்போது இவர் வழக்கம்போல் பின் சீட்டில் படுத்துக்கொண்டார். திருநெல்வேலியிலிருந்து கடையம் ஐம்பது கிலோமீட்டர். திங்களும் வியாழனும் நான்தான் ஓட்டுகிறேன். முக்கூடல் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சொர்ணம், எனக்கு ஒரு லைன் கிளியர் குடேன்."

இவர் மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் வயர்மேன். கம்பத்தில் ஏறுமுன் லைன் கிளியர் வாங்குவார்கள். 'கரண்டை நிறுத்தியாயிற்று, ஏறலாம்' என்கிற அனுமதி அது. வாங்கியவர் இறங்கி வந்து, தானே அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை எந்த அதிகாரி வந்து நின்றாலும் கரண்டைப் போடக்கூடாது. கல்யாணமான முதல் வாரத்திலேயே இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"எதுக்கு லைன் கிளியர்?"

"இந்த மிஷின நிறுத்துததுக்கு. போதும்ட்டி. காலு இழுக்கும்போது உயிர் போய்ப் போய் வருது."

கொஞ்ச தூரம் போனதும் இவரே பேரம் பேசினார். "சரி, இந்தக் காரு ஓடுத வரைக்கும் வாரேன். என்னைக்கு இது ஸ்டார்ட் ஆவலையோ, அன்னைக்கு வேற வண்டி கூப்பிடப்பிடாது. டாக்சி, ஆட்டோ, பஸ்ஸு ஒண்ணும் கெடையாது. அன்னையோட என்னைய விட்டிரணும். சம்மதமா?"

பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் மக்கர் பண்ணாத கார். இவர் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று "சம்மதம்" என்றேன். இவருக்கு வாக்குக் கொடுத்தால் நான் மாற்றுவதில்லை, அது இவருக்கும் தெரியும்.

காலையில் கார் ஸ்டார்ட் ஆக ஆறு நொடி எடுத்தது என்பது, வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டும்போதுதான் ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் ஒரே நொடி.

ஏப்ரல் 4, வியாழன்

தண்ணீர் 700. எடை 3.5. கார் 8 நொடி.

இன்று முதல் நோட்டில் மூன்றாவதாகக் காரும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகளின் டைப்பிங் வேகத்தைப் பார்க்க வைத்திருந்த ஸ்டாப்வாட்சைத் தேடி எடுத்தேன். எஞ்சினை எழுப்புகிற செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிடிக்கத்தான் நேரமாகிறது. ஒருமுறை பிடித்துவிட்டால் திருநெல்வேலி வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

எட்டு நொடி என்றால் கொஞ்சம் என்று நினைக்கலாம். பின் சீட்டில் ஒருவர் அது நின்றுபோகுமா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எட்டு நொடி ரொம்ப நீளம்.

ஏப்ரல் 6, சனி

தண்ணீர் 700.

மெக்கானிக் கொம்பையா வந்தார். இவரிடம் பழைய மரியாதை உள்ள மனிதர். புயலில் கொம்பையாவின் பட்டறைக்குக் கரண்ட் போனபோது மழையோடு மழையாக இவர் போய்ச் சரிபண்ணிக் கொடுத்தாராம், அதிலிருந்து.

"பேட்டரிக்கு வயசாயிட்டு மதினி" என்றார். தன்னிடமிருந்த புது பேட்டரியை மாட்டிப் பார்த்தார். எட்டு நொடி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டார். எட்டு நொடி. தலையைச் சொறிந்துகொண்டு தன் பேட்டரியைத் தூக்கிப்போய்விட்டார்.

எனக்கு ஏனோ ஏமாற்றமாக இல்லை. இரண்டு காரணம் அடிபட்டுப் போயிற்று, மிச்சம் எங்கோ இருக்கிறது.

இவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் எல்லோரும் போன பிறகு ஷெட்டுக்குப் போய்க் காரின் பின் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்துகொண்டார். டயாலிசிஸ் தொடங்கிய நான்கு மாதமாகத் தினமும் இப்படித்தான். வீட்டுக்குள் புழுக்கம், அங்கே தோட்டத்துக் காற்று வருகிறது என்பார். அங்கே உட்கார்ந்து வந்தால் முகம் கொஞ்சம் தெளிவாகத்தான் இருக்கிறது, அதனால் நானும் தடுப்பதில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

தண்ணீர் 680. எடை 3.7. கார் 9 நொடி. இன்னொன்று: 4 நொடி!

இந்த நான்கை விவரமாக எழுத வேண்டும். டயாலிசிஸ் முடிந்து வந்து காரை ஷெட்டில் விட்டேன். சாயங்காலம் பால் வாங்கப் போகச் சாவியைப் போட்டு, விளக்கு எரிகிற வரைக்கும் திருப்பினேன். ஸ்டார்ட் செய்வதற்குள் ஒரு ஆடு கேட்டுக்குள் நுழைந்து கறிவேப்பிலையில் வாய் வைத்தது. சாவியை எடுத்துவிட்டு இறங்கி விரட்டினேன். வந்து மறுபடி சாவியைப் போட்டால் மறுபடி ஆடு. மூன்றாம் முறை அதைத் தெருக்கோடி வரைக்கும் விரட்டிவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தேன். நாலே நொடியில் பிடித்துவிட்டது.

பால் போனால் போகிறது என்று அங்கேயே உட்கார்ந்து சோதித்தேன். அரை மணிக்கு ஒருமுறை காரை ஆறவிட்டு, ஒரு தடவை நேராக ஸ்டார்ட், ஒரு தடவை சாவியை மூன்று முறை போட்டு எடுத்துவிட்டு ஸ்டார்ட். நேராகச் செய்தால் எட்டு, ஒன்பது. மூன்று முறை போட்டு எடுத்தால் நாலு. ஒருமுறைகூடத் தப்பவில்லை.

சந்தோஷம் தாங்காமல் கட்டிலுக்கே போய்ச் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பவில்லை. நான் சமையலறைக்குப் போன பிறகு சத்தமாகக் கேட்டார்: "சாவி போட்டதும் பின்னால ஒரு முனங்கல் கேக்குமே, கேட்டியா?"

இவர் தானாக ஒரு கேள்வி கேட்டு எத்தனை நாளாயிற்று!

ஏப்ரல் 11, வியாழன்

தண்ணீர் 700. எடை 3.6. கார் 10 நொடி. இன்று இரண்டு காலும் இழுத்துவிட்டது.

ஏப்ரல் 14, ஞாயிறு

தண்ணீர் 700 (பாயசம் இரண்டு ஸ்பூன் உட்பட).

சித்திரை விசு. கனி கண்டு கும்பிட்டு, பாயசத்தைக் கண்ணில் காட்டி, இரண்டு ஸ்பூனோடு எடுத்துவிட்டேன். "சாமிக்கே தம்ளர் நெறைய வச்சிருக்க, எனக்கு ரெண்டு ஸ்பூனா?" என்றார். சாமிக்குக் கிட்னி நன்றாக இருக்கிறது என்றேன். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்துபோயிற்று. நோட்டில் எழுதத் தக்க சிரிப்பு.

மத்தியானம் நான் பின் சீட்டில் காதை வைத்துக்கொண்டு, எட்டிச் சாவியைத் திருப்ப முடியாமல் திண்டாடியதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். செருப்பு மாட்டிக்கொண்டு வந்து தானே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து திருப்பினார். இரண்டு நொடிக்கு ஒரு முனகல் கேட்டது. பலம் இல்லாத முனகல்.

"அது பெட்ரோல அனுப்புத மோட்டார். டேங்குக்குள்ள, இந்த பின் சீட்டுக்கு அடியில இருக்கு. சாவியப் போட்டதும் ரெண்டு நொடி ஓடிக் குழாய்ல பெட்ரோல நெருக்கி வைக்கும். நீ மூணு தடவ போட்டா ஆறு நொடி ஓடியிருக்கும். அதான் ஒனக்குச் சீக்கிரம் புடிக்கி."

"அப்ப மோட்டார் கெட்டுப் போச்சா?"

"மோட்டாரு சோம்பேறியா, இல்ல அதுக்குச் சோறு பத்தலையா? ரெண்டுல ஒண்ணு" என்றார். சோறு என்றது கரண்டை.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். பீரோவுக்கு மேலே உள்ள தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே இவருடைய மீட்டர், துணியில் சுற்றி வைத்தபடியே இருந்தது. சிவப்பு ஒயர் எங்கே, கறுப்பு ஒயர் எங்கே, முள்ளை எதில் வைப்பது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் இவர் வேலையைப் பற்றி நான் ஒன்றுமே கேட்டதில்லை, சம்பளம் தவிர. எவ்வளவு சுவாரஸ்யமான வேலையைப் பார்த்துவிட்டு வந்து, அந்த லைன் கிளியரைத் தவிர ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார்!

ஏப்ரல் 15, திங்கள்

தண்ணீர் 700. எடை 3.5. கார் 11 நொடி.

மிஷினில் படுத்தபடியே பாடம் நடந்தது. "கரண்டு போனா மட்டும் பத்தாது சொர்ணம், திரும்பி வரணும். திரும்புத வழிதான் எர்த்து" என்றவர் தன் கையிலிருந்து கிளம்பும் இரண்டு டியூப்பையும் காட்டினார். "இந்தா, இது ரத்தம் போற டியூப். இது திரும்புத டியூப். திரும்புதத மடக்கிப் பாரு, மிஷின் கத்தும். காரு கத்தாது, முனங்கும்."

பெனிட்டா சிஸ்டர் ஓடி வந்து, "அங்கிள், அத மடக்கி கிடக்கிப் பாத்திராதீங்க" என்று டியூப்பைச் சரிபண்ணிவிட்டுப் போனாள். இவர் சிரித்தார். மூன்றாம் மணி நேரத்தில் கால் இழுத்தபோதுகூட, "ரிலேவ மாத்திப் பாத்தியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

ஏப்ரல் 17, புதன்

தண்ணீர் 700.

ரிலேயை மாற்றிப் பார்த்தாயிற்று. ரிலே என்பது கரண்டைத் திறந்து மூடுகிற ஒரு குட்டிப் பெட்டி; ஹாரனுக்கும் பெட்ரோல் மோட்டாருக்கும் ஒரே மாதிரிதான். இதை அதிலும் அதை இதிலும் மாட்டினேன். ஹாரன் நன்றாக அடிக்கிறது, கார் அதே பதினொன்று.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டரை வைத்தேன்: 14.0 வோல்ட். முன்னால் ஃபியூஸ் பெட்டியில், மோட்டாருக்குப் போகிற ஃபியூசில் வைத்தேன்: 13.7. நான் கத்திச் சொல்ல இவர் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினார்.

"சோறு அடுப்படிய விட்டுக் கெளம்பிட்டு. இலைக்கு வந்து சேந்துதான்னு பாக்கணும்" என்றேன். இவர் பாஷை எனக்கும் ஒட்டிக்கொண்டது. "பின் சீட்டத் தூக்குவோமா?"

"அது வேண்டாம்."

"ஏன்?"

"பெட்ரோல் டேங்க் மேல மீட்டரும் கீட்டரும் வச்சி வெளையாடாத. வேண்டாம்ங்கேன்லா."

இவ்வளவு நேரம் என்னோடு கூடக்கூட வந்த மனிதர் சட்டென்று எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கொம்பையாவும் வந்து, "பெட்ரோல் அனுப்புத பம்ப்பே போயிருக்கும் மதினி. சீட்டத் தூக்கிப் புதுசு போட்டிருவோம்" என்றார்.

"பம்ப் நல்லாத்தான் இருக்கு! ஒருத்தரும் சீட்டத் தொடாதீங்க!"

இவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். கொம்பையா என்னைப் பார்த்தார். நான் கொம்பையாவைப் பார்த்தேன். பார்க்காமலே பம்ப் நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கேட்டதும் வீட்டுக்குள் போய்விட்டார்.

ஏப்ரல் 18, வியாழன்

தண்ணீர் 700. எடை 3.8. கார் 13 நொடி.

இன்று காலை ஒன்பதாவது நொடியில் பின்னால் இவர் மெதுவாக, "அவ்வளவுதாம் போல" என்றார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பிடித்துவிட்டது. என் முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

இவரை மிஷினில் சேர்த்துவிட்டு ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினேன். நாலு மணி நேரம் கையில் இருந்தது. மீட்டரைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். ஆபத்து என்றால் ஆபத்து, எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். நான்கு கதவையும் திறந்து காற்றோட்டமாக வைத்துவிட்டுப் பின் சீட்டைத் தூக்கினேன்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

பாதி இருந்தது. மூடி கீறியிருந்தது. படுக்க வைத்ததால் கீறல் வழியாக ஒவ்வொரு சொட்டாகக் கசிந்து தகரமெல்லாம் ஈரம். சீட்டின் அடிப் பஞ்சு ஊறிப் பூஞ்சை பிடித்திருந்தது. ஷெட்டை ஒட்டித் தோட்டத்துக் குழாய். மத்தியானக் காற்று. ஏறிய எடை. ஒரு நிமிஷத்தில் எல்லாக் கணக்கும் சரியாகிவிட்டது. சரியாகியிருக்க வேண்டாம்.

பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வந்த வேலையைப் பார்த்தேன். எஞ்சினை ஓடவிட்டேன். மோட்டாருக்குப் போகும் ஒயர்: 13.7. சோறு முழுசாக இலைக்கு வந்திருந்தது. திரும்பும் ஒயர்: பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 3.6. அப்படியானால் மோட்டாருக்குக் கிடைப்பது பத்துதான். திரும்பும் ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். காரின் தகரத்தில் ஒரு போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. எர்த். சரியாகப் பாட்டிலின் மூடி இருந்த இடத்துக்குக் கீழே. போல்ட் துருவேறிப் பொரிந்து, ஒயர் முனையெல்லாம் பச்சை.

நான் ஜெயித்துவிட்டேன். மரத்தடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

திரும்பும்போது பாட்டிலை முன் சீட்டில் என் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். இவர் பின் கதவைத் திறந்தார், பார்த்தார், ஏறிக்கொண்டார். முக்கூடல் தாண்டியதும் காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"எர்த்துன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"மொத நாளே. எர்த்து விட்டா மோட்டார் அப்படித்தான் முனங்கும். முப்பத்தோரு வருஷம் கேட்ட சத்தம்லா."

"தெரிஞ்சே விட்டுட்டீங்க. அது நிக்கட்டும்னு."

"ஆமா."

"பெறகு எதுக்கு எனக்கு மீட்டர் பிடிக்கச் சொல்லித் தந்தீங்க?"

"நீ கேட்டல்லா."

காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் திட்டினேன். நீங்கள் ஒளித்துக் குடிக்கிற தண்ணீர்தான் உங்கள் காலை இழுக்கிறது, கால் இழுப்பதால்தான் சாக நினைக்கிறீர்கள், இந்த மடத்தனத்துக்கு நான் வாக்கு வேறு கொடுத்துத் தொலைத்திருக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

"தாகம்னா என்னன்னு ஒனக்குத் தெரியாது சொர்ணம்" என்றார்.

ஏப்ரல் 19, வெள்ளி

தண்ணீர்: இவர் 700. நான் 700.

தெரியாதென்றால் தெரிந்துகொள்ளலாம். இன்று எனக்கும் அதே தம்ளர், அதே அளவு. இவரிடம் சொல்லவில்லை.

பத்து மணிக்கு ஒன்றும் இல்லை. பன்னிரண்டுக்கு நாக்கு தடித்தது. இரண்டு மணிக்குக் குடத்துக்கு முன்னால் நிற்கிறேன், எதற்கு அங்கே வந்தேன் என்று தெரியவில்லை. தெருவில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் காதுக்குள் இரைந்தது. நாலு மணிக்கு, கீரைக்காரம்மாவிடம் ஒன்றுமில்லாததற்குச் சண்டை போட்டேன். ஆறு மணிக்கு மிச்சமிருந்த ஐம்பது மி.லி.யைக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் குடித்துவிட்டால் காலை வரைக்கும் ஒன்றும் கிடையாதே என்று பயந்தேன். இவர் இதை நான்கு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறார். நான் தம்ளரால் அளந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 20, சனி

தண்ணீர்: இவர் 750, ஐஸ் சேர்த்து.

பெனிட்டா சிஸ்டருக்குப் போன் செய்து ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். டாக்டரைக் கேட்டுச் சொன்னாள்: 750 வரைக்கும் போகலாம், அதில் கொஞ்சத்தைச் சின்னச் சின்ன ஐஸ் கட்டியாக்கி வாயில் அடக்கிக்கொள்ளட்டும், அதே தண்ணீர்தான், ரொம்ப நேரம் வரும். அடுத்த தடவை எடை குறைந்து வந்தால் கால் இழுக்காது என்றும் சொன்னாள்.

நேற்று நான் என்ன செய்தேன் என்று இவரிடம் சொன்னேன். "கீரைக்காரி பாவம்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார், ஐஸ் கரைகிற வரைக்கும் விடவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

தண்ணீர் 750.

பாவூர்சத்திரத்தில் என் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. போகுமுன் மேஜை மேல் உப்புத்தாளும் பத்தாம் நம்பர் ஸ்பானரும் எடுத்து வைத்தேன். எனக்கே செய்யத் தெரியும். ஒரு போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி முறுக்குவதற்குப் பெரிய வித்தை வேண்டாம். ஆனால் நான் சரிபண்ணி இவரை ஏற்றிக்கொண்டு போவதில் என்ன இருக்கிறது? இன்னொரு இடத்தில் இன்னொரு பாட்டிலை வைப்பார்.

"எர்த்து ஒங்க வேல. நான் தொடல, கொம்பையாவையும் தொடச் சொல்லல. நாளைக்குக் காரு ஸ்டார்ட் ஆவலைன்னா, நான் குடுத்த வாக்கு வாக்குதான். லைன் கிளியர எடுத்துக்கோங்க" என்றேன். சொன்ன கையோடு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தால் இவர் தூங்கிக்கொண்டிருந்தார். மேஜையில் ஸ்பானர் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. உப்புத்தாள் அதன் கீழே, மடித்தது மடித்தபடி. நான் எழுப்பவில்லை, கேட்கவும் இல்லை. சட்டையில் ஏதோ கறை, கழற்றிப் போட்டிருந்தார். மற்ற துணிகளோடு சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டேன். கை பாட்டுக்கு வேலை செய்தது.

ஏப்ரல் 22, திங்கள்

இன்றைய கணக்கைக் கடைசியில் எழுதுகிறேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

எட்டே முக்காலுக்குத் தனியாக ஷெட்டுக்குப் போனேன். சாவியைப் போட்டேன். முனகல்கூட இல்லை. பின் சீட்டில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. பத்து நொடி செல்ஃப் அடித்தேன், இருபது நொடி அடித்தேன். சும்மா சுற்றியது. மூன்று முறை போட்டு எடுத்தேன். ஆறு முறை போட்டு எடுத்தேன். கார் செத்துக் கிடந்தது.

நேற்று வரைக்கும் முனகியதை இன்று ஒரேயடியாக அறுத்துவிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். கேட்ட லைன் கிளியரைத் தானே எடுத்துக்கொண்டார். போனில் டாக்சிக்காரர் நம்பர் இருக்கிறது. அதைத் திறந்தேன், மூடினேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் இல்லாத வீட்டில் இந்த நோட்டை என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வந்தது. அதைப் போல ஒரு பயம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

உள்ளே போனேன். இவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னட்டி, இவ்வளவு நேரம்? மணி ஒம்பதாவப் போவுது."

"காரு ஸ்டார்ட் ஆவல."

"ஆவலையா? நேத்து மத்தியானமே எல்லாம் முடிச்சி மாட்டிட்டு, சீட்டக்கூட வெயில்ல காயப்போட்டு..." என்றவர் நிறுத்தினார். கை மார்புப் பையைத் தொட்டது. வெறும் பை. "நேத்து போட்டிருந்த சட்ட எங்க?"

"ஊறுது."

நான்கு மாதமாகச் சுவரைப் பிடித்து நடந்த மனிதர் கொல்லைக்கு ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டி, வாளிக்கு முன்னால் குந்தி, சோப்புத் தண்ணீருக்குள் முழங்கை வரைக்கும் கைவிட்டு என் சேலையை எடுத்து எறிந்தார், துண்டை எறிந்தார். கடைசியில் அந்தச் சட்டையைப் பிடித்துப் பையைத் துழாவினார். விரலில் நகம் அளவுக்கு ஒரு ஃபியூஸ் வந்தது.

எர்த்தில் கை வைக்குமுன் மோட்டாரின் ஃபியூசை உருவிச் சட்டைப் பையில் போட்டிருக்கிறார். கம்பத்தில் ஏறுகிறபோது ஃபியூசை உருவிப் பையில் வைத்துக்கொள்கிற பழக்கம். இறங்கும்வரை வேறு எவனும் கரண்டைப் போட்டுவிடக் கூடாது. வேலையை முடித்தார், ஸ்பானரையும் உப்புத்தாளையும் எடுத்த இடத்தில் வைத்தார், களைத்துப்போய்த் தூங்கிவிட்டார். பையில் இருந்ததை மறந்துவிட்டார். நான் அதைச் சோப்புத் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு, விடிய விடிய இவர் சாகத் துணிந்துவிட்டதாக அழுதுகொண்டிருந்தேன்.

"நனஞ்சு போச்சே?" என்றேன்.

"தண்ணி பட்டா ஃபியூசுக்கு ஒண்ணும் ஆவாது. தொடச்சாப் போதும்."

என் முந்தானையிலேயே துடைத்தார். ஷெட்டுக்கு வந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். நான் மாட்டட்டுமா என்று கை நீட்டினேன். "எடுத்தவன்தாம் போடணும்" என்று தட்டிவிட்டார். அழுத்தி மாட்டிவிட்டு நிமிர்ந்தார். சப்-ஸ்டேஷனுக்குப் போன் போட்டுச் சொல்கிற அந்தப் பழைய குரலில், எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"வயர்மேன் தவமணி பேசுதேன். வேல முடிஞ்சுது. ஆள் எறங்கியாச்சு. லைன் கிளியர் ரிட்டர்ன். கரண்டு போடலாம்."

சாவியைத் திருப்பினேன். ஸ்டாப்வாட்சைப் பார்க்க முடியவில்லை, கண் மறைத்தது. எத்தனை நொடி என்று பின் சீட்டிலிருந்து இவர்தான் சொன்னார்.

தண்ணீர் 750. எடை 2.2. கால் இழுக்கவில்லை. கார் 1 நொடி.